எத்தனை ஆர்பிஎம்மில் விடுவது, மாப்ளே?

அன்பு மாப்ளே பாஸ்கருக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க எனக்கு வாய் வரவில்லை. நேராகவே கேட்டுவிடுகிறேன். பந்தயக் கோட்டில் நிற்கும்போது நீ எத்தனை ஆர்பிஎம்மில் கிளட்சை விடுவாய்? இத்தனை வருஷம் பக்கத்திலேயே நின்றும் ஒரு தடவைகூட நான் இதைக் கேட்கவில்லையே.

உன் சிவப்பு வண்டி தாபோடியில் என் கார் வயரிங் கடையில்தான் இருக்கிறது. நீ ஆபீஸ் லிஃப்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, அப்படியே போய்ச் சேர்ந்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. பேட்டரி மட்டும் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். விற்றுவிடலாம் என்று ரேவதி சொல்வாள் என எதிர்பார்த்தேன். உன் பெண்டாட்டி, என் தங்கச்சி, அவள் மனசு எனக்குத் தெரியாதா என்று நினைத்தேன். தெரியவில்லை மாப்ளே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாகட்டில் உங்கள் வீட்டிலிருந்து கடைக்கு வந்தாள். வண்டியைச் சுற்றி வந்தாள். ஓட்டும் சீட்டில் உட்கார்ந்து, அதை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். வரப்போகும் டிராக் ரேசில், அந்த நேர்கோட்டுப் பந்தயத்தில், தான் ஓட்டப் போவதாகச் சொன்னாள். ஏன் என்று கேட்டேன். தெரியல என்றாள். அவளுக்கே தெரியாததை நான் எப்படிப் புரிந்துகொள்வது?

தேஹு ரோடு வீட்டில் அம்மா கேள்விப்பட்டதும் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டாள். "வீட்ல ஒண்ணு போச்சி. இன்னொண்ணையும் அனுப்பிட்டு நீ இன்னா பண்ணப் போற?" என்று என்னைத்தான் கேட்டாள். நான் அவளை ஓட்டச் சொல்லவே இல்லை என்றேன். அம்மா நம்பவில்லை.

வண்டியை அப்படியே அவள் கையில் கொடுக்க முடியாது. உனக்கு லாஞ்ச் லிமிட்டர் என்றாலே ஆகாது. என் கால்தான் லிமிட்டர், காதுதான் மீட்டர் என்பாய். அவளுக்கு அந்தப் பழக்கம் இல்லையே. லிமிட்டர் இருந்தால் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தாலும் கோட்டில் நிற்கும்வரை எஞ்சின் நாம் வைத்த ஆர்பிஎம் எண்ணைத் தாண்டாது. கிளட்சை விட்டதும் வண்டி பாயும். எண்ணைக் குறைத்து வைத்தால் எஞ்சின் மூச்சடைத்துப் போகும். கூட்டி வைத்தால் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும், ஆக்ஸில்கூட உடையலாம்.

எஞ்சின் டியூன் செய்யும் சந்தோஷ் இரண்டு வகை சொன்னான். ஒன்றுக்கு ஸ்டியரிங்கில் பட்டன், அதை அழுத்திப் பிடிக்க வேண்டும். இன்னொன்று கிளட்ச் பெடலோடு சேர்ந்தே வேலை செய்யும். அவள் விரல் பதற்றத்தில் முன்னாலேயே பட்டனை விட்டுவிட்டால்? பெடலை நம்பலாம் என்று இரண்டாவதை எடுத்தேன். வயரிங் என் தொழில், அரை நாளில் முடித்தேன். அதற்குப் பிறகு அந்த லிமிட்டர் பெட்டி என்னிடம் ஓர் எண் கேட்டது. அங்கேதான் நின்றுவிட்டேன்.

உன் எண்ணையே வைப்பது என்று முடிவு செய்தேன். நீ பந்தயம் ஓட்டிய வீடியோக்கள் என் போனில் இருக்கின்றன. எஞ்சின் சத்தத்தை வைத்தே ஆர்பிஎம் கண்டுபிடிக்கலாம் என்று சந்தோஷ் சொல்லிக்கொடுத்தான். வாகட் வீட்டு ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். ஒன்றில் நாலாயிரத்து இருநூறு. அடுத்ததில் ஐயாயிரத்துக்கு மேல். இன்னொன்றில் மூவாயிரத்து எண்ணூறுதான். அந்த மூன்றாவதில்தான் நீ ஜெயித்தாய். எல்லாவற்றிலும் கடைசியில் உன் சிரிப்பு வருகிறது. எனக்குத் தலை சுற்றியது. எந்த பாஸ்கரை நான் அந்தப் பெட்டிக்குள் வைப்பது?

ரேவதி சமையலறையிலிருந்து வந்து கதவோரம் நின்றிருந்ததை நான் கவனிக்கவில்லை. நிறுத்தப் போனேன். வேண்டாம், ஓடட்டும் என்றாள். முழுக்கக் கேட்டாள். பிறகு சொன்னாள்: "அண்ணா, அவரு எதையுமே ஒரே மாதிரி ரெண்டு வாட்டி செஞ்சதில்ல. டீ போட்டாகூட டெய்லி வேற டேஸ்ட்தான். நீ எதுக்கு அதுல போயி நம்பர் தேடிகினு இருக்க? எனக்கு என் நம்பர் வெச்சிக் குடு."

உன் மேல் கோபமா, என் மேலா? அவள் முகத்தைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை.

சாக்கண் பக்கம் ஒரு காலி யார்டில் சந்தோஷ் இடம் வாங்கித் தந்தான். மூவாயிரத்தில் ஆரம்பித்தோம். வண்டி ரெண்டு தும்மல் போட்டு அமுங்கிவிட்டது. நாலாயிரத்து ஐநூறு வைத்தோம். ரப்பர் புகைதான் வந்தது, வண்டி நகரவில்லை. அவள் இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்து, சூடு பட்டதும் விரலை வாயில் வைத்துக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம். மூவாயிரத்து அறுநூற்றில் கிளட்சை விட்டபோது வண்டி குலுங்காமல் போயிற்று. சந்தோஷ் மராத்தியில் "பஸ், ஹேச்" என்றான். இதுதான், போதும் என்று. எனக்கு மட்டும் எது போதும் என்று புரியவில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் அம்மா தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள். "அந்த லிமிட்டர் வெச்சா வண்டி ரொம்ப வேகமா போவாதுல்ல?" அது வண்டி இன்னும் சீக்கிரம் கிளம்புவதற்காக வைப்பது என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது? கட்டுப்பாட்டில் இருக்கும்மா என்றேன். அது பொய்யா மாப்ளே?

ஊருக்கு வெளியே அந்தப் பழைய விமான ஓடுதளத்தில்தான் பந்தயம். பக்கத்து வரிசையில் ஒரு வெள்ளைக் கார். ரேவதி கிளட்சை மிதித்து ஆக்சிலேட்டரை அழுத்தினாள். லிமிட்டர் பிடித்துக்கொள்ள, எஞ்சின் பட்பட்பட் என்று சத்தம் போட்டது. விளக்கு பச்சையானது. மாப்ளே, என்ன கிளம்பல்! வெள்ளைக் கார் அசைவதற்குள் இவள் ஒரு வண்டி நீளம் முன்னால் போய்விட்டாள். நான் கத்தினேனாம், சந்தோஷ் சொல்கிறான்.

பாதி தூரத்தில் எஞ்சின் சத்தம் இறங்கியது. வெள்ளைக் கார் அவளைத் தாண்டிப் போனது. அவள் மெதுவாக, ஏதோ பழத்தோட்டத்துக்குப் போகிறவள் மாதிரி, கடைசிவரை ஓட்டிக்கொண்டு போனாள்.

நான் ஓடினேன். ஆக்ஸில் போய்விட்டது, என் வயரிங்கில்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தபடி ஓடினேன். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன உடைந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஒடையல அண்ணா. நான்தான் கால எடுத்துட்டேன். கெளம்புற வரைக்கும் வேணும்னு இருந்திச்சி. கெளம்பனதுக்கு அப்புறம் எதுக்குப் போறோம்னே தெரியல."

அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. எனக்குத்தான் கண் கலங்கியது. நீ போன பிறகு வாகட் வீட்டில் ஒவ்வொரு காலையும் அவள் எப்படி எழுந்து கிளம்புகிறாள் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அதைத்தான் சொன்னாளா? வண்டியைப் பற்றி மட்டும்தான் சொன்னாளா? கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டயரை மாற்றிவிட்டு லிமிட்டரில் இன்னும் இருநூறு ஏற்ற முடியுமா என்று கேட்டாள். அடுத்த பந்தயம் எப்போது என்று சந்தோஷிடம் விசாரித்தாள்.

தோற்றுவிட்டு வந்தவள் இப்படிக் கேட்டால் நான் என்ன நினைப்பது? உனக்கு இது புரிந்திருக்குமோ? இல்லை, நீயும் என்னை மாதிரி தலையைச் சொறிந்துகொண்டுதான் நின்றிருப்பாயோ?

இருநூறு ஏற்றலாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. புது டயர் வந்ததும் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். அவள் எந்தப் பந்தயத்தில் எந்த இடத்தில் காலை எடுத்தாலும், ஏன் எடுத்தாய் என்று கேட்க மாட்டேன். கோட்டில் வண்டி நிற்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன். அவள் நிறுத்துகிற இடம் எதுவோ, அதுவரை நடந்து போவேன்.

என்றும் உன் பெண்டாட்டியின் அண்ணனாகவும், உனக்கு மச்சானாகவும் இருக்கிற
குணா