மிளகுக்கு முள்முருங்கை நட்டோம்

என் அன்பு அண்ணா,

காற்று ஆரம்பித்துவிட்டது. எனக்கு எந்த வேலையும் ஓடவில்லை. நொடிக்கொரு தரம் மிளகு போட்ட மேட்டுக்காட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் இருந்தால் பயந்தாங்கொள்ளி என்று சிரித்திருப்பீர்கள்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அந்த வருடம், மிளகுக்கொடி ஏறப் புது மரம் நட வேண்டியிருந்தது. பலாக்கன்று வைக்கலாம் என்றேன். கெட்டி மரம், வளர நாளாகும். ஆனால் காற்றுக்கு அசையாது. முள்முருங்கைக் கிளையை வெட்டி நட்டாலே துளிர்த்துவிடும், சரிதான். லேசான கட்டையாயிற்றே? மளுக்கென்று முறியும், கொடியும் சேர்ந்து போகும். இந்த யுத்த காலத்தில் மிளகை விட்டால் உப்புக்கும் துணிக்கும் நமக்கு வேறு என்ன இருக்கிறது?

அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே அளவில் பலாக்கட்டை ஒன்றும் முள்முருங்கைக்கட்டை ஒன்றும் கொண்டுவந்து என் கைக்கு ஒன்றாக வைத்தார்.

"தூக்கிப் பாருங்க தம்பி. மொளகுக்கு வெயில் படோணும்னா வருசா வருசம் கெளை கழிக்கோணும். எது மேல விழுந்தா ஆளு பொழைக்கும்? நீங்களே சொல்லுங்க."

பலாக்கட்டை வைத்த கை தானாகத் தாழ்ந்தது. நீங்கள் பாதி வெட்டிவிட்டு இறங்கிய பலாக்கிளைதானே உங்கள் நெஞ்சில் விழுந்தது? தூளி கட்டி மலையடிவாரப் புளியஞ்சோலைக்கு வைத்தியத்துக்காக இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதே.

முருங்கையே நட்டோம். நன்றாக வளர்ந்து, கொடியும் ஏறி, இந்த வருடம்தான் காய் பிடித்தது. என் மனம் மட்டும் அடங்கவே இல்லை.

நேற்று அண்ணி கொடி கட்டிக்கொண்டிருந்தபோது பெருங்காற்று அடித்தது. மரம் முறியும் சத்தம் கேட்டது. எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை அண்ணா. அவர் முதுகின்மேல் கிளை கிடந்தது. 

அவர் அந்த லேசான முருங்கைக்கிளையைத் தள்ளிவிட்டு எழுந்தார். முள் கிழித்த தோளைத் துடைக்கக்கூட இல்லை. அறுந்த கொடியைக் கையில் எடுத்து, "ஐயோ, காயெல்லாம் போச்சுங்களே தம்பி!" என்று அழுதார். நானும் அழுதேன். காய்க்காக இல்லை.

இன்றும் காற்று நின்றபாடில்லை. இன்னும் எத்தனை மரம் சாயுமோ? சந்தைக்கு எதைக் கொண்டுபோவோம்? தெரியவில்லை. சாய்ந்தால் மறுபடி முருங்கையே நடுவேன். உங்களைக் கொண்டுபோன அந்தப் பலாமரத்துக் கொடி வெயிலில்லாமல் காய்க்காமலே போனாலும் போகட்டும், நம் வீட்டு ஆள் ஒருவரையும் அதில் ஏறவிட மாட்டேன். இது சத்தியம் அண்ணா.

அண்ணிக்குத் துணையாக இருக்கும்,
உங்கள் கூடப்பிறந்த தம்பி,
எடப்புளி நாடு.