தெருவைச் சுற்றி வந்த பிளவுஸ் பிட்

அக்கா,

இன்று காலை உங்கள் மயில்கழுத்து நிறப் பிளவுஸ் பிட் தள்ளுவண்டிக்காரரிடம் கொத்தமல்லி வாங்கிக்கொண்டிருந்தது. கோலப்பொடி டப்பாவோடு வாசலுக்கு வந்த நான் அப்படியே நின்றுவிட்டேன். நீங்கள் எனக்குக் கடைசியாகக் கொடுத்த துணி. அதைப் பையாகத் தைத்து, நாடா வைத்துத் தோளில் மாட்டியிருந்தாள் ஒருத்தி. பைக்குள்ளிருந்து இரண்டு முருங்கைக்காய்கள் எட்டிப் பார்த்தன.

தைத்தவள் நம் அக்ரஹாரத் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கும் பிரேசில் பெண். யோகா படிக்க வந்தவள். நான் மைசூருக்கு வந்த புதிதில் குடியிருந்தேனே, அதே மாடி வீட்டில்தான் இருக்கிறாள். பெயர் வாயில் நுழையாததால் தெரு அவளை ‘பிரேசில்’ என்றே கூப்பிடுகிறது, என்னை ‘மலேசியா’ என்று கூப்பிட்டது போல. நவராத்திரித் தாம்பூலத்தில் வைத்து அந்தத் துணியை அவளுக்குக் கொடுத்தது நான்தான். காரணம் இருக்கிறது, கோபப்படாமல் கேளுங்கள். கோபமா, உங்களுக்கா? இந்நேரம் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

கிள்ளானிலிருந்து நான் வந்து இறங்கிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். என் வீட்டுக்காரரை அவருடைய கம்பெனி இங்குள்ள தொழிற்சாலைக்கு அனுப்பியது. நானும் துறைமுக அலுவலகத்து வேலையை விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். இந்தியாதானே, நம் ஆட்கள்தானே, தமிழை வைத்துச் சமாளித்துவிடலாம் என்று ஒரு அசட்டுத் தைரியம். வந்த மறுநாளே காபிக் கடையில் போய் இட்லியைத் ‘தாப்பாவ்’ பண்ணச் சொன்னேன். பார்சல் கட்டுவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, உள்ளேயிருந்த இன்னொருவரை வந்து பார்க்கச் சொன்னார்.

காலையில் அவர் கம்பெனி பஸ் ஏறினால் மாலை வரை எனக்குப் பேச ஆள் கிடையாது. தெரு என்னவோ நல்ல தெருதான். கோயில் மணி, பூக்காரி, ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், மல்லிகையும் காபியும் கலந்த வாசம். எல்லாவற்றையும் மாடியிலிருந்து பார்க்கத்தான் முடிந்தது. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், தலையாட்டுவார்கள், போய்விடுவார்கள். சொந்த ஊரில் வாய் மூடாதவள் நான். இங்கே விரலை நீட்டித் தக்காளி வாங்கினேன். ‘நான் திரும்பிப் போகிறேன், நீங்கள் வேலையை முடித்துக்கொண்டு வாருங்கள்’ என்று அவரிடம் சொல்லிவிட்டேன். ‘தசரா மட்டும் பார்த்துவிட்டுப் போயேன்’ என்றார். அதற்காக மட்டும்தான் இருந்தேன்.

கொலுவின் முதல் நாள் கீழ்வீட்டு அம்மா, எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், என்னை அழைத்து மணையில் உட்காரவைத்து மஞ்சள் குங்குமம் கொடுத்தார். வெற்றிலை பாக்கு, தேங்காய், அவற்றின் மேல் மடித்த ஒரு துணி. கடுகு நிறம். அதில் கத்தரிக்காய் நிறத்தில் பெரிய பெரிய பொட்டுகள். பார்க்க அழகாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் எழுந்து வந்து அடிப்பீர்கள். ஆனால் அந்நிய ஊரில் எனக்கு முதன்முதலாக ஒருவர் கொடுத்த பரிசு அது. மாடிக்கு வந்து அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். மறுநாளே தையல்காரரிடம் ஓடினேன். அவர் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இதையா மேடம்?” என்று இரண்டு தரம் கேட்டார். தசரா அவசரத்திலும் கெஞ்சிக் கூத்தாடித் தைத்து வாங்கிவிட்டேன்.

ஆயுத பூஜையன்று அதைப் போட்டுக்கொண்டு கீழே போனேன். கொலுவுக்கு வந்திருந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கீழ்வீட்டு அம்மா சுண்டல் கரண்டியை நடுவழியிலேயே நிறுத்தினார். ஒரு பெண் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் ஓடினார். உள்ளேயிருந்து பாத்திரம் விழுந்த சத்தமும் சிரிப்புச் சத்தமும் சேர்ந்து வந்தன. என் பேச்சைப் பார்த்தா, உடம்பைப் பார்த்தா, எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று புரியவில்லை. சுண்டலை அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு வந்து, வீட்டுக்காரரிடம் ஊருக்கு டிக்கெட் போடச் சொன்னேன்.

சமையலறைக்குள் ஓடியது நீங்கள்தான். எதிர்வீட்டுக்காரர், கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், அவ்வளவுதான் அதுவரை உங்களைப் பற்றித் தெரியும். நீங்கள் தமிழ் பேசுவீர்கள் என்பதுகூடத் தெரியாது. அரை மணியில் மாடி ஏறி வந்தீர்கள், கையில் நான் விட்டுவந்த சுண்டல்.

“மன்னிச்சுக்கோ கண்ணு. உன்னப் பாத்துச் சிரிக்கல. அந்தப் பிட்டப் பாத்துச் சிரிச்சேன்” என்றீர்கள்.

அப்புறம்தான் தெருவின் ரகசியம் வெளியே வந்தது. கொலுவுக்குக் கொடுக்கும் பிளவுஸ் பிட்டை இங்கே யாரும் தைப்பதில்லை. இந்த வீட்டில் வாங்கியதை அந்த வீட்டில் கொடுப்பார்கள். மடிப்புக் கலையாமல் அது தெருவைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதிலும் இந்தக் கடுகு நிறத் துணி, யார் எப்போது வாங்கியது என்று எவருக்கும் நினைவில்லாத பழம் பயணி.

“நானே அத எத்தன வாட்டி தள்ளிவிட்டிருக்கேன் தெரியுமா? அடுத்த வருசம் நேரா எங்க வீட்டுக்கே வந்து நிக்கும். ராமாபுரத்துல எங்க சின்னம்மா வீட்டுக்குக் கூடக் கொண்டுபோய்க் குடுத்துப் பாத்தேன். அதுவும் திரும்பி வந்துருச்சு!”

“அப்போ யாருக்கும் வேண்டாத துணிய எனக்குக் கொடுத்தாங்களா லா?” என்று எங்கள் ஊர் ‘லா’வோடு கேட்டேன்.

உங்கள் சிரிப்பு நின்றது. வேறு யாராவது என்றால் இல்லை இல்லை என்று பூசி மெழுகியிருப்பார்கள். நீங்கள் மெழுகவில்லை.

“ஆமா. புதுசா வந்தவளுக்குத் தெரியவா போகுதுன்னு உன் தலைல கட்டிட்டாங்க. நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா நீ அதத் தச்சுப் போட்டுட்டு வந்து நின்ன பாரு, அந்த மாதிரி ஒருத்தி இந்தத் தெருவுக்கு வந்ததே இல்ல. நாளைக்கு ஜம்பு சவாரி, தசரா யானை ஊர்வலம், பாக்கப் போலாம், இதே ரவிக்கையப் போட்டுட்டு வா.”

மாட்டவே மாட்டேன் என்றேன். “பேடா பிடு, வேணாம்னா விடு, நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள்.

மறுநாள் காலை உங்கள் குரல் கேட்டு எட்டிப் பார்த்தேன். வாசலில் நின்றிருந்தீர்கள். உங்கள் பீரோவிலிருந்த படுமோசமான பிட், ரோஸ் நிறத்தில் பச்சை அன்னாசிப் பழங்கள் போட்டது, அதை நீங்களே மெஷினில் ஓட்டி ரவிக்கையாகப் போட்டிருந்தீர்கள். உங்களுக்குத் தையல் சுத்தமாக வராது. ஒரு கை முழங்கை வரை நீண்டிருந்தது, மற்றது தோளோடு நின்றுவிட்டது. கீழ்வீட்டு அம்மா வெளியே வந்து, “என்னம்மா இது?” என்று கன்னடத்தில் கேட்டு மலைத்துப்போய் நின்றார்.

“ஃபேஷன்!” என்றீர்கள்.

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். மைசூருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்த முதல் நாள் அது. உள்ளே ஓடிப் போய்க் கடுகு நிறத்தைப் போட்டுக்கொண்டு வந்தேன். இரண்டு பேரும் தெரு முழுக்க நடந்தோம். ஊரே யானையைப் பார்க்கக் காத்திருக்க, நம் தெரு நம்மைப் பார்த்தது. கூட்டத்தில் நசுங்கி, அம்பாரி வந்தபோது நான் கத்திய கத்தலில் முன்னால் நின்றவர் காதைப் பொத்திக்கொண்டார். “கத்து கண்ணு, யானை என்ன, மலேசியாவுக்கே கேக்கட்டும்” என்றீர்கள்.

அன்று மாலை என் வீட்டுக்காரர், “டிக்கெட் எந்தத் தேதிக்குப் போட?” என்று கேட்டார். “எதிர்வீட்டு அக்காவின் ரவிக்கைக் கையைப் பிரித்துத் தைக்க வேண்டும், அதற்கப்புறம் பார்க்கலாம்” என்றேன். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. அந்தக் கையைப் பிரிக்கத்தான் முதல்முறை உங்கள் வீட்டுக்குள் வந்தேன். என் அம்மா கற்றுக்கொடுத்த தையல் அன்றைக்கு உதவியது. நீங்கள் காபி போட்டுக்கொண்டே கன்னடம் சொல்லிக்கொடுத்தீர்கள், அதில் பாதி திட்டுகிற வார்த்தைகள். அதை நம்பி நான் தேவராஜா மார்க்கெட்டில் வெற்றிலைக்காரரிடம் பேரம் பேசப் போய், அவர் சிரித்த சிரிப்பில் கட்டோடு கூட ஒரு கவுளி வெற்றிலை சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்.

அதன்பின் நம் தெருவில் ஒரு பயம் வந்துவிட்டது. மலேசியாவுக்குக் கொடுத்தால் தைத்துவிடுவாள் என்று, எனக்கு வருவதெல்லாம் நல்ல துணியாகவே வந்தது. “தச்சுப் போடு, இல்லன்னா சுத்த விடு. பொட்டில மட்டும் பூட்டி வெக்காத” என்பது உங்கள் சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் மீறினேன் அக்கா. உங்கள் கடைசி நவராத்திரிக்கு மயில்கழுத்து நிறத்தை நீட்டி, “மொதல் தடவையா நல்ல பிட்டு தர்றேன், தையக்கூலிக்கு நஷ்டம் வராது” என்றீர்கள். அடுத்த மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டீர்கள். படுக்கையில் விழுந்தது தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தத் துணியை என்னால் தைக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் மனமில்லை. தைக்கக் கத்தரிக்கோலை வைத்தால் நீங்கள் கொடுத்தது தீர்ந்துபோகும் என்று தோன்றியது. பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

இந்த நவராத்திரிக்குப் பிரேசில் பெண் வந்து மணையில் உட்கார்ந்தாள். காலை எப்படி மடிப்பது என்று தெரியாமல், எல்லாரையும் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு. தட்டில் வேறொரு சாதாரணத் துணிதான் வைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது தெருவிலேயே மட்டமான துணி. இவளுக்குக் கிடைப்பது தெருவிலேயே நல்லதாக இருக்கட்டும் என்று தோன்றியது. பீரோவைத் திறந்து உங்களுடையதை எடுத்து வைத்தேன்.

அதைத்தான் அவள் முருங்கைக்காய்ப் பையாக்கிவிட்டாள். ஐயோ, அக்காவின் துணி என்று வாய்வரை வந்தது. அதற்குள் வண்டியருகே நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பிரேசில் பெண் சிரித்த முகத்தோடே தன் ஆடையைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கும் புரியவில்லை.

நான் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடினேன். கடுகு நிற ரவிக்கை கையை நுழைக்கும்போதே முனகியது. கொக்கிகள் சேரவில்லை. தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பொட்டுப் போட்ட இரண்டு கைகளும் வெளியே தெரிய, தெருவைக் கடந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்த கீழ்வீட்டு அம்மா, “அய்யோ, அந்தப் பிட்டு!” என்று கூவினார். இந்த வயதிலும் அவர் சிரிப்புக்குக் குறைச்சல் இல்லை. சிரித்துக்கொண்டே அவளிடம் கன்னடத்தில் கதையைச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொல்ல, வண்டிக்காரர் இடையில் புகுந்து நடித்தே காட்டினார். புரிந்ததும் அந்தப் பெண் தன் பையைப் பார்த்தாள், என் ரவிக்கையைப் பார்த்தாள், பிறகு நடுத்தெருவில் உட்கார்ந்து உங்களைப் போலவே சிரித்தாள்.

நாளை மார்க்கெட்டுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் பையை எடுத்து வருவாள், நான் இந்த ரவிக்கையைத்தான் போட்டுக்கொண்டு வர வேண்டுமாம். பக்கத் தையலைப் பிரித்துக் கொஞ்சம் விட்டுத் தைத்தால் கொக்கி சேர்ந்துவிடும். உங்கள் மகள் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன உங்கள் மெஷின் என் ஜன்னலோரம் இருக்கிறது, அக்கா. மடலை மடித்து வைத்துவிட்டு அதில்தான் உட்காரப் போகிறேன்.