வியாழன் மதியம் ஐந்து நிமிடம்

எழுமலை
7.7.2025

அன்பு மகள் இசைவாணிக்கு,

டிவியில் நீ வந்த நிகழ்ச்சி பதிவாகவில்லை. ஞாயிறு பத்தரைக்கு என்று விளம்பரம் செய்தார்கள். செட்டாப் பாக்ஸில் பென் டிரைவைச் செருகி, நேரம் குறித்துவிட்டு நம் மோட்டார் கடைக்குப் போனேன். நடுவில் யாரோ தலைவர் பேட்டியாம், உன்னைப் பன்னிரண்டுக்குத் தள்ளிவிட்டார்கள். வந்து பார்த்தால், ஒருவன் மூட்டுவலித் தைலம் விற்கிறான். டிவி ஆபீசுக்குப் போன் போட்டேன். "நேரம் மாறுதலுக்கு உட்பட்டது சார்" என்றது ஒரு பெண். "ஏம்மா, பத்து மணிக்கு மோட்டார் தாரேன்னு சொல்லிட்டு பன்னெண்டுக்குக் குடுத்தா சம்சாரி சும்மா விடுவானா?" என்றேன். வைத்துவிட்டது.

என் நம்பரை நீ அடைத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

அப்பா மொக்கையன்

ஆரல்வாய்மொழி
11.7.2025

அப்பாவுக்கு,

நலம். அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். மறு ஒளிபரப்பு வியாழன் மதியம் ஒன்றரைக்கு. அது ராகு காலம், நீங்கள் பொத்தானையே தொடமாட்டீர்கள். காற்றாலை வேலையை விட்டால்தான் வீடு என்றீர்கள். பதினான்கு மாதம் ஆயிற்று. இப்போது எதற்குப் பார்க்க வேண்டும், குறை சொல்லவா?

இசைவாணி

எழுமலை
17.7.2025

ஆத்தா இசைவாணி,

ஐந்து நிமிடம் கிடைத்தது. ராகு காலத்துக்கு முந்தி, ஒன்று இருபத்தைந்துக்கே பதிவைத் தொடங்கினேன். பாவிகள் இந்த முறை முன்னால் இழுத்து ஒரு மணிக்கே போட்டுவிட்டார்கள். ஒன்றரைக்கு வைத்திருந்தால் இந்தக் கடைசித் துண்டும் இல்லை.

காற்றாலை உச்சியில் மூடியைத் தள்ளிக்கொண்டு நீ வெளியே வருகிறாய். பின்னால் நம் தெரு நீளத்துக்கு ஒரு றெக்கை. கீழே தென்னந்தோப்பு வெங்காய நாற்று மாதிரி கிடக்கிறது. "பயமா இல்லையா?" என்கிறான் ஒருவன். "கீழ பாக்க நேரம் இல்லண்ணே, வேலை கெடக்கு" என்று கொக்கியை மாட்டுகிறாய்.

முப்பது வருடமாக மண்ணுக்குள் அறுநூறு அடி, எண்ணூறு அடி என்று மோட்டார் இறக்குகிறவன் நான். நிமிர்ந்து பார்த்ததே இல்லை, ஆத்தா. வானம் அம்புட்டுப் பெரிசு. அதில் என் பிள்ளை நிற்கிறாள்.

ஏழு தடவை பார்த்தாயிற்று. குழாய் வாங்க வந்த சின்னக்கருப்பன், "யாருண்ணே இந்தப் புள்ள?" என்றான். "எம் மக" என்றேன்.

வேலையை விட்டால்தான் வீடு என்று அன்றைக்கு நான் பேசியிருக்கக் கூடாது. நேரில் வந்து பார்க்கணும். உன் நிபந்தனை என்ன, சொல்லு.

அப்பா

ஆரல்வாய்மொழி
22.7.2025

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தை உச்சிக்குக் கொண்டுபோய்ப் படித்தேன். ஆடிக் காற்று, நாலு நாளுக்கு ஒருமுறைதான் ஏற விடுகிறார்கள். புரட்டாசி முதல் ஞாயிறு வாருங்கள். அம்மாவும் வர வேண்டும். என் மேனேஜரிடம் மாப்பிள்ளை, கல்யாணம் என்று ஒரு வார்த்தை பேசக் கூடாது. கல்யாணப் பேச்சை நானாக எடுக்கும்வரை நீங்கள் எடுக்கவும் கூடாது.

நம்பரைத் திறந்துவிட்டேன்.

மகள் இசை

எழுமலை
25.7.2025

ஆத்தா,

போனில் கேட்டால் பேரம் பேசுவேன், அதனால் எழுத்திலேயே தருகிறேன். புரட்டாசி முதல் ஞாயிறு, உன் அம்மா ரோகிணியோடு வாரேன். மேனேஜரிடம் வணக்கம் மட்டும். கல்யாணப் பேச்சு உன் வாயிலிருந்து வந்தால்தான். என் பக்கம் நானே ஒன்று சேர்க்கிறேன்: எம்புட்டு நேரமானாலும், நீயாக வரும்வரை கீழே நின்று "இறங்கு" என்று கத்தமாட்டேன்.

சம்மதம்.
மொக்கையன்