முதலாளிக்கு எதிரே ஒரு கதிரை

12.06.2001, செவ்வாய்

நான் வேலை செய்யும் கடையில் முதலாளி புதிதாகப் போட்ட டெலிபோன் கூண்டில் யாரும் உட்காருவதில்லை. அதிலுள்ள கதிரை அவருடைய மேசையைப் பார்த்தபடி இருக்கிறது. எங்கள் தேயிலைத் தோட்டங்களில் மானேஜர் துரைக்கு முன்னால் யார் உட்கார்ந்து பழகியது?

இன்று பூனாகலைத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அக்கா, வயர் நீளம் போதாமல், குனிந்து நின்றே கொழும்பிலுள்ள மகளோடு பேசினார்.

"உட்காந்து பேசுங்கம்மா, கதிரை கடிக்காது" என்றார் முதலாளி.

"இருக்கட்டுங்கய்யா." அரை நிமிடத்தில் வைத்துவிட்டார்.

"இதுகளுக்கு என்ன செஞ்சு குடுத்தாலும் சரிவராது" என்று முதலாளி என்னிடம் சலித்துக்கொண்டார்.

அவர் சாப்பிடப் போனதும் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். அடுத்து வந்த அம்மா உட்கார்ந்து, சிரித்துச் சிரித்துப் பேசினார்.

"யாரு புள்ள இத திருப்பினது?" என்று கேட்டுக்கொண்டே, சாப்பிட்டு வந்த முதலாளி அதைப் பழையபடி வைத்தார். நான் நிமிடக் கணக்கை எழுதத் தொடங்கினேன்.

கால் வலிக்கிறது. எனக்கும் முதலாளி தன் மேசைக்கு எதிரே ஒரு ஸ்டூல் தந்திருக்கிறார். இன்றும் நான் அதில் உட்காரவில்லை.