அம்மாவின் குரலுக்கு ஓர் உரிமம்

மார்ச் 4, 2013

என் தம்பிக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். வேலையை விட்டது விட்டதுதான். டயர் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்துவிட்டேன். கீழே காற்றடிக்கிற இயந்திரம் ஓடினால் மேலே யாரும் வாயைத் திறக்க முடியாது. அது ஓய்கிற நேரம் பார்த்து அம்மாவைப் பேச வைக்கிறோம். சுவர் முழுக்கப் பழைய மெத்தைகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். உள்ளே போய் உட்கார்ந்ததும், "என்னடி, கோழி மாதிரி அடைச்சு வைக்கிற" என்றாள். ஆனால் மைக்கைப் பார்த்ததும் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. தொலைபேசி நிலையத்தில் அத்தனை வருஷம் இணைப்புக் கொடுத்த குரல் இல்லையா!

அவள் வாக்கியம் வாக்கியமாக வாசிக்கிறாள். அதை வெட்டி ஒட்டி, திரையில் எந்த எழுத்து வந்தாலும் அவள் குரலில் படிக்கிற மென்பொருளைச் செய்கிறோம். பார்வையில்லாத பிள்ளைகள் யார் தயவும் இல்லாமல் பாடம் கேட்கலாம். இதைப் பூட்டி வைத்து விற்கப்போவதில்லை. நிரல், குரல் எல்லாவற்றையும் திறந்துவிடுகிறோம். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், எதற்கும் பயன்படுத்தலாம். நிறுவிக் கொடுப்பதற்கும் சொல்லித் தருவதற்கும்தான் எங்களுக்குக் கூலி. அம்மாவிடம் விவரமாகச் சொன்னேன். "என் பேச்சை ஊருக்கே எழுதி வைக்கிறியா, வை" என்று சிரித்துக்கொண்டே உரிமத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நீயும் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லேன்.

உன் அக்கா


மார்ச் 19, 2013

அக்காவுக்கு,

நல்ல வார்த்தை முதலில். திரும்பி வந்ததிலிருந்து அம்மாவுக்குத் தரையில் கால் பாவவில்லை. காய்கறிக்காரரிடம்கூட வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் பேசுகிறாள். அவர் பயந்துபோய் விலையைக் குறைக்கிறார்.

இனி என் குணத்துக்கு ஒன்று. நான் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவன், உரிமம் கிரிமம் எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் 'எதற்கும்' என்று எழுதியிருக்கிறாயே, அந்த ஒரு சொல் இடிக்கிறது. கண்டவன் எடுத்துக் கண்டதையும் பேச வைத்தால்? நல்ல காரியத்துக்கு மட்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடேன்.

தம்பி


மார்ச் 27, 2013

தம்பிக்கு,

எது நல்ல காரியம் என்று யார் தீர்ப்பது? இன்றைக்கு நான் ஒரு நிபந்தனை போட்டால் நாளைக்கு இன்னொருவர் பத்துப் போடுவார். திறந்தால் முழுசாகத் திறக்கணும்டா. மேடைக்கு மேடை இதைத்தான் சொல்கிறேன். கைதட்டுகிறார்கள். வீட்டில்தான் மதிப்பில்லை.

அக்கா


ஆகஸ்ட் 11, 2019

தம்பிக்கு,

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து கிடந்தபோது ஆஸ்பத்திரியில் அவளோடு இரண்டு நாள்தான் இருந்தேன். அம்மாவுக்கு இனிப் பேச்சு வருவது கஷ்டம் என்று டாக்டர் சொன்னபோது நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. என்ன செய்ய? அரசுப் பள்ளிகளில் எந்த மென்பொருள் என்று முடிவெடுக்கிற குழு அந்த வாரம்தான் கூடியது. நான் எழுந்து வந்திருந்தால் அந்த நாற்காலியில் மென்பொருளைப் பூட்டி விற்கிறவர் உட்கார்ந்திருப்பார். கட்டற்ற மென்பொருள்தான் என்று முடிவானது. எனக்கு விருதுகூடக் கொடுத்தார்கள்.

கம்பெனிதான் இளைத்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் எங்கள் நிரலை எடுத்து அவர்களே நிறுவிக்கொள்கிறார்கள். எடுக்கச் சொன்னவளே நான். எந்த வாயால் கேட்பேன்? இப்போது மூன்று பேர்தான் மிச்சம். டயர் கடைக்கு மேலேயே திரும்பி வந்துவிட்டோம்.

இத்துடன் ஒரு போன் அனுப்புகிறேன். அம்மா இடது கையால் எழுத்துகளைத் தட்டினால் போதும். அவள் குரலிலேயே பேசும்.

அக்கா


பிப்ரவரி 8, 2023

அக்காவுக்கு,

இதைப் போனில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அம்மா அந்தப் போனை எப்படிப் பழகி வைத்திருந்தாள் என்று உனக்குத் தெரியும். டீ ஆறிப்போச்சு, சட்டையை மாத்து, யார் வாசல்ல என்று நாளெல்லாம் அதிகாரம்தான். வீட்டில் சத்தம் திரும்பி வந்திருந்தது. நேற்று சாயங்காலம் அவள் காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தேன். என் போன் அடித்தது. கையெல்லாம் எண்ணெய், அதனால் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா பேசினாள்.

"வணக்கம். நிர்வாகத்தின் முடிவுப்படி நாளை முதல் நீங்கள் பணிக்கு வரத் தேவையில்லை. இதுவரை உழைத்ததற்கு நன்றி."

அவள்தான் ஏதோ தட்டிவிட்டாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். கை மடியில் இருந்தது. அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொழிற்சாலையில் எங்கள் பகுதியில் எல்லோருக்கும் இதே அழைப்புத்தான். மனிதர் வாயால் சொல்லக் கூச்சப்பட்டு இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறார்கள். வேலை போனால் போகட்டும், கைகால் இருக்கிறது. இந்தக் குரலை மட்டும் நிறுத்து. நீ செய்ததுதானே, உன்னால் முடியாதா?

தம்பி


பிப்ரவரி 21, 2023

தம்பிக்கு,

முடியவில்லையடா.

வக்கீலைப் பார்த்தேன். உரிமத்தை வாசித்துவிட்டு, "இதை எழுதினது யாரு மேடம்?" என்று கேட்டார். நான்தான் என்றேன். தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். உங்கள் தொழிற்சாலை நிர்வாகத்தையும் போனில் பிடித்தேன். பேசிய அதிகாரி மரியாதையானவர். கல்லூரியில் என் பேச்சைக் கேட்டவராம். நீங்கள் கொடுக்காவிட்டால் எங்களைப் போன்றவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பம் எங்கே கிடைத்திருக்கும் என்று நன்றி சொன்னார். அம்மாவின் குரல் என்று சொல்லிக் கெஞ்சினேன். மேலிடத்தில் சொல்லிப் பார்க்கிறேன் என்றார். பிறகு போனை எடுக்கவில்லை.

எங்கள் இணையதளத்திலிருந்து குரலை அழித்தேன். எடுத்தவர்களிடம் இருக்கிற பிரதிகளை யார் அழிப்பது? அதற்குள் பார்வையற்றோர் பள்ளி ஆசிரியை பதறிப்போய்க் கூப்பிட்டார். பரீட்சை நேரத்தில் புது வகுப்புக் கணினிகளில் குரலே ஏறவில்லையாம். திரும்பவும் போட்டுவிட்டேன். வேறென்ன செய்வேன், சொல்.

அடுத்த வாரம் வருகிறேன். அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

அக்கா


பிப்ரவரி 26, 2023

அக்காவுக்கு,

உன்மேல் கோபமில்லை. கோபப்பட ஆள் தேடிப் பார்த்தேன், ஒருவரும் அகப்படவில்லை.

ஆனால் இப்போது வராதே. உன்னைப் பார்த்தால் அவளுக்கு அந்த மெத்தை அறைதான் ஞாபகம் வரும். பகலில் நான் வீட்டில் இருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறாள். போனைத் தொடுவதே இல்லை. டீ ஆறினாலும் குடித்துவிடுகிறாள்.

நேற்று உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டுப் போனைக் கேட்டாள். ரொம்ப நேரம் தட்டினாள்.

"நான் உன்னை வேலைக்கு வரவேண்டாம்னு சொல்லலடா."

"தெரியும்மா" என்றேன். அவள் நம்பவில்லை. மறுபடி அழுத்தினாள். தெரியும் தெரியும் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். விடுவித்துக்கொண்டு மறுபடி அழுத்தினாள். பக்கத்து வீட்டுக்குக் கேட்குமே என்று கடைசியில் சத்தத்தைக் குறைத்துவிட்டேன். சத்தம் வராமலும் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

தம்பி