வளையாத அம்பு

அத்தான்,

இன்று காலையிலிருந்து கையெல்லாம் தீய்ந்த மூங்கில் வாசனை. கோணிய அம்புத் தண்டுகளை அடுப்பில் வாட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தேன். இந்த வாசனை உங்களுக்கு ஆகாது. "கடையில பெயின்ட் அடிச்சு அழகா விக்கிறான், இதப் போயி சுரண்டிக்கிட்டு" என்பீர்கள்.

வில்பட்டிச் சாலையோரம் சுற்றுலாக்காரர்கள் அம்பு விட்டுப் பார்க்க நாம் இடம் போட்டபோது, அக்காவின் கணவர் என்ற ஒரே தகுதியில் முதலாளி ஆனீர்கள். நம்முடையது பழைய பாணி மூங்கில் வில். அதில் அம்பு, வில்லின் நடுவே கை பிடிக்கும் பிடியின் ஓரமாகத்தான் புறப்படும். புறப்படும்போது மீன்போல் நெளிந்து பிடியைச் சுற்றிக்கொண்டு போனால்தான் நேரே போகும். விறைத்த தண்டு நெளியாது. பிடி அதை இடப்பக்கம் தள்ளிவிடும். தண்டின் நடுவைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டி, வில்லின் பலத்துக்குத் தக்கபடி இளக்க வேண்டும். எத்தனையோ முறை சொன்னேன். நீங்கள் கொட்டாவி விட்டீர்கள். பளபளக்கும் சிவப்பு அம்புகளைக் கட்டுக்கட்டாக வாங்கி வந்தீர்கள். இரும்புக் கம்பிகூட அவற்றைவிடக் கொஞ்சம் வளையும்.

திருப்பூரிலிருந்து வந்த அந்தப் புதுப்பெண்ணை நினைவிருக்கிறதா? அவள் விட்ட சிவப்பு அம்பு வைக்கோல் திரையைத் தாண்டி இடப்பக்கம் பாய்ந்து, சாலையோரம் நின்ற மட்டக்குதிரையின் காதைக் கிழித்தது. குதிரைக்காரர் கத்தினார். அவள் கணவன் எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினான். நீங்களும் அவனோடு சேர்ந்துகொண்டு, "லேடீஸுக்கு கிரிப் வராது சார்" என்று சிரித்தீர்கள். அவள் அழுதாள்.

"அவங்க கை நேராத்தான் இருந்துச்சு அத்தான். அம்புதான் விறைச்சுக் கெடக்கு. நீங்களே ஒண்ணு விட்டுக் காட்டுங்க."

"ஒஞ் சோலியப் பாரு" என்றீர்கள். ஆனாலும் ஆட்கள் கூடிவிட்டதால் வில்லை எடுக்க வேண்டியதாயிற்று. உங்கள் அம்பும் இடப்பக்கமே போய்ப் புதரில் விழுந்தது. காற்று என்றீர்கள். பனிமூட்டம் அசையாமல் நின்றிருந்தது. நான் சுரண்டி வைத்திருந்த அம்பு ஒன்றை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு விட்டாள். திரையின் நடுவில் குத்தி நின்றது.

நீங்களோ குதிரைக்காரரிடம் போய், குதிரைதான் தலையை நீட்டியது என்று வாதாடினீர்கள். மறுநாள் வாசலில் ஒரு பலகை தொங்கியது: "அம்பு திரும்பினால் நிர்வாகம் பொறுப்பல்ல." அதை எழுதிய நேரத்தில் நான்கு அம்பு சுரண்டியிருக்கலாம்.

பிறகு நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டீர்கள். வந்தவர்கள் எல்லாம் உங்கள் குறி தப்பாது என்று அழுதார்கள். அக்காவின் முகத்துக்காக நான் வாயைத் திறக்கவில்லை. கண்ணீரும் வரவில்லை.

இப்போது இடத்தை நானும் அக்காவும்தான் நடத்துகிறோம். யாருடைய அம்பாவது விலகினால், அவர்கள் முகம் சுண்டுவதற்குள் சொல்லிவிடுகிறேன்: "உங்க கையில தப்பில்லீங்க. அம்பு சரியில்ல, மாத்தித் தாறேன்." வாழ்நாள் முழுக்க உங்கள் வாயில் வராத வார்த்தை இது. சொல்லும்போதெல்லாம் உங்களை நினைத்துக்கொள்கிறேன்.