கேட்டருகே வந்த அம்மா

ஜூலை 9, செவ்வாய்

ஜெர்மனியில் ஒரு வருடம் படித்துவிட்டுத் திரும்பிய பிறகு, இன்றுதான் மறுபடி கொடைக்கானல் கல்லூரிக்குப் போனேன். மதியம் கேட்டருகே நின்று, அங்கே பெய்த பனியைப் பற்றித் தோழிகளிடம் அளந்துகொண்டிருந்தேன். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர் சிரித்தபடி வந்தார். வழி கேட்க வருகிறார் என்று நினைத்தேன்.

"ஆபீஸ் அந்தப் பக்கம்ங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

"நாந்தாண்டி."

அம்மாவின் குரல்.

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தால் முடி இறக்குவதாகப் பழனி முருகனுக்கு நேர்ந்திருக்கிறாள். என்னிடம் சொல்லவே இல்லை. காலையிலேயே மலையேறி முடித்துவிட்டு, பஞ்சாமிர்த டப்பாவோடு நேரே என்னிடம் வந்திருக்கிறாள். இடுப்பு வரை இருந்த முடி. ஞாயிற்றுக்கிழமைகூட நான்தான் பின்னிவிட்டேன்.

"கண்ணாடில பாத்தா எனக்கே என்னையத் தெரியல. அவ என்ன செய்வா?" என்று தோழிகளிடம் எனக்காகப் பேசினாள். "போளூர் பஸ்ஸு போயிரும், வெரசா போகணும்" என்று மேல்மலையில் இருக்கும் எங்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டாள்.

பஸ் வரைக்குமாவது கூடப் போயிருக்கலாம். போகவில்லை. டப்பாவை இன்னும் திறக்கவில்லை.

வரும்போது அம்மா தலையை மூடியிருக்கவில்லை. கேட்டைத் தாண்டியதும் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள்.